தில்லித் தமிழர் கேட்கும் சந்தேகங்கள்: கவுன்சிலர் முதல் கோர்ட் வரை

ஆர்.கே.புரம் மலை மந்திர் வாசலிலும், மயூர் விஹாரில் சங்கக் கூட்டத்துக் காபி நேரத்திலும், மங்கோல்புரியில் கல்யாணப் பந்தியிலும் எனக்கு வருவது ஒரே மாதிரியான கேள்விகள்தான். மத்திய அரசில் ஃபைல் தள்ளி ரிட்டயர் ஆனவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. நான் வக்கீல் இல்லை. ஆனால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது ஓரளவு தெரியும், தில்லியில் பாதிப் பேர் அலைவதே தப்பான கதவைத் தட்டித்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

1. சார், எங்க தெருவுல குப்பை எடுக்கல, சாக்கடை பொங்குது. யார்கிட்ட போகணும்? கவுன்சிலரா, எம்.எல்.ஏ.வா, எம்.பி.யா?

முதலில் உங்கள் தெரு எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பகுதி தில்லி மாநகராட்சி, அதாவது எம்.சி.டி. அதில் 250 வார்டுகள், வார்டுக்கு ஒரு கவுன்சிலர். இங்கே பார்ஷத் என்பார்கள். கோல் மார்க்கெட், சரோஜினி நகர் பக்கமெல்லாம் என்.டி.எம்.சி. எனும் புது தில்லி நகராட்சி மன்றம்; அங்கே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலரே கிடையாது. மூன்றாவது தில்லி கன்டோன்மென்ட், பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது.

குப்பை, தெருப் பெருக்கல், பிறப்பு இறப்புச் சான்றிதழ், சொத்து வரி எல்லாம் உள்ளாட்சி. குடிதண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் ஜல் போர்டு, அது தில்லி அரசின் கீழ். என்.டி.எம்.சி. பகுதியில் தண்ணீரையும் அவர்களே பார்க்கிறார்கள். சாலை என்றால் இன்னொரு கூத்து: 60 அடியும் அதற்கு மேலும் அகலமான சாலைகள் பெரும்பாலும் தில்லி அரசின் பொதுப்பணித் துறை, உள் தெருக்கள் மாநகராட்சி. ஒரே மழைத் தண்ணீர் தெருவில் மாநகராட்சிக்கும், மெயின் ரோட்டில் பொதுப்பணித் துறைக்கும் சொந்தமாகிவிடும்.

என் அனுபவத்தில் முதலில் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். அந்த எண்ணோடு கவுன்சிலரையோ எம்.எல்.ஏ.வையோ பார்த்தால் பேச்சு சீக்கிரம் முடியும். எண் இல்லாமல் போனால் ‘பார்க்கலாம்’ என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள்.

2. முதலமைச்சர் இருக்காங்க, 70 எம்.எல்.ஏ. இருக்காங்க. அப்புறம் போலீஸ் ஏன் அவங்க பேச்சைக் கேக்கறதில்ல?

கேட்க வேண்டியதில்லை என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 1991-ல் 69-வது திருத்தத்தின் வழியாக 239ஏஏ என்ற பிரிவைச் சேர்த்துத்தான் தில்லிக்குச் சட்டமன்றம் தந்தார்கள். தரும்போதே பொது ஒழுங்கு, போலீஸ், நிலம் மூன்றையும் மத்திய அரசே வைத்துக்கொண்டது. அதனால் தில்லி போலீஸ் உள்துறை அமைச்சகத்தின் கீழ், ஃப்ளாட் கட்டி விற்கும் டி.டி.ஏ. மத்திய அரசின் கீழ், டி.டி.ஏ.வுக்குத் தலைவர் துணைநிலை ஆளுநர்.

அதிகாரிகளை மாற்றும் உரிமை யாருக்கு என்ற வழக்கில் 2023 மே 11 அன்று சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு, அந்த மூன்று துறைகள் தவிர மற்றவற்றில் தில்லி அரசுக்கே என்றது. ஒரே வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது, ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. கடைசிச் சொல் மறுபடி துணைநிலை ஆளுநரிடம் போய்விட்டது. சென்னையில் முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு மனு போட்டுப் பழகியவர்கள் இங்கே ஏமாறுவது இதனால்தான்.

3. எம்.பி.க்கு வருஷத்துக்கு அஞ்சு கோடி குடுக்கறாங்களாமே, அதுல எங்க பார்க்கைச் சரி பண்ணக் கூடாதா?

ஐந்து கோடி உண்மை. கையில் கொடுப்பதில்லை. எம்.பி. இந்த வேலையைச் செய்யலாம் என்று பரிந்துரைப்பார். அது விதிகளுக்குள் வருகிறதா என்று பார்த்து, டெண்டர் விட்டு, பணம் கொடுப்பதெல்லாம் அதிகாரிகள். பொதுமக்கள் பயன்படுத்தும் நிலையான சொத்தாக இருக்க வேண்டும். குடியிருப்போர் சங்கம் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தால் பரிந்துரை வாங்க முடியும்.

ஆனால் எம்.பி.யின் அசல் வேலை பார்க் இல்லை. சட்டம் இயற்றுவது, பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது, அமைச்சர்களிடம் கேள்வி கேட்பது. அதிலும் சட்டத்துக்கு ஓட்டுப் போடும்போது கட்சிக் கொறடா உத்தரவு போட்டால் மீற முடியாது. மீறினால் 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். ‘எங்க எம்.பி. ஏன் அந்தச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போடல?’ என்று கோபப்படுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கேள்வி கேட்க மட்டும் கொறடா உத்தரவு தேவையில்லை. ஒரு எம்.பி. எழுத்தில் கேட்டு, அவைத் தலைவர் அதை ஏற்றுக்கொண்டால் அமைச்சகம் பதில் தந்தே ஆக வேண்டும். என் மேஜைக்கும் அப்படிக் கேள்விகள் வந்திருக்கின்றன. மாதக்கணக்கில் அசையாத ஃபைல் அன்றைக்கு அசையும்.

4. நம்ம ஊர் எம்.பி.ங்க செஷன் நடக்கும்போது இங்கதானே இருக்காங்க. அவங்ககிட்ட சொன்னா நடக்காதா?

விஷயத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர். ரயில், பாஸ்போர்ட், மத்திய அரசுப் பென்ஷன், ஏன், தில்லி போலீஸ் பற்றிக்கூட அவர்கள் சபையில் கேட்கலாம், அமைச்சருக்குக் கடிதம் எழுதலாம். அவர் எந்தத் தொகுதி என்பது இதற்குத் தடையில்லை.

குப்பைக்கும் தண்ணீருக்கும் அவரிடம் போய்ப் பயனில்லை. அதற்கு உங்கள் கவுன்சிலர், உங்கள் எம்.எல்.ஏ., தில்லியின் ஏழு எம்.பி.க்களில் உங்கள் தொகுதிக்காரர்தான். அவருக்கு உங்கள் ஓட்டு இங்கே இருந்தால்தான் காது கேட்கும், அதற்குத்தான் அடுத்த கேள்வி.

5. ஊர்ல ஓட்டு இருக்கு அண்ணா. இங்கயும் ஒண்ணு எடுத்து வெச்சுக்கலாமா?

கூடாது. ஒருவர் பெயர் ஒரு தொகுதிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். வேறெங்கும் பெயர் இல்லை என்று தெரிந்தே பொய்யாக எழுதிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். ஊரில் வீடு இருப்பதோ, பொங்கலுக்குப் போய் வருவதோ குடியிருப்பு ஆகாது. மாற்றுவதற்கு படிவம் 8 போதும். பழைய இடத்தில் நீக்கி இங்கே சேர்ப்பார்கள். முதல் தடவை சேர்பவர்களுக்குப் படிவம் 6. சொந்த வீடு இல்லை என்று தயங்க வேண்டாம், வாடகை வீட்டு முகவரியே போதும். சந்தேகத்துக்கு 1950-க்கு போன் செய்யலாம்.

‘ஊர் ஓட்டை விட மனசு வரல’ என்று பலர் இருபது வருஷமாக இங்கே இருந்துகொண்டே சொல்கிறார்கள். மனசு புரிகிறது. ஆனால் தில்லியில் ஓட்டுப் பட்டியல் ஓட்டுக்கு மட்டும் இல்லை. கடைசிக் கேள்வியைப் படியுங்கள்.

6. ஓட்டர் கார்டு கையில இருக்கு. லிஸ்ட்ல பேர் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இது என்ன நியாயம்?

கார்டு அடையாளம் காட்டத்தான். உரிமை பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்து கார்டு இல்லாவிட்டால் ஆதார் போன்ற வேறு ஆவணம் காட்டி ஓட்டுப் போடலாம். கார்டு இருந்து பெயர் இல்லாவிட்டால் முடியாது. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் பெயர் சேர்க்கவும் மாட்டார்கள். எனவே தேர்தல் பேச்சு தொடங்கியதுமே பாருங்கள்.

உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். அடையாளத்தை நிரூபித்தால் ‘டெண்டர் ஓட்டு’ என்று காகித வாக்குச்சீட்டு தருவார்கள். சாவடி அதிகாரி தானாகச் சொல்லமாட்டார், கேட்டு வாங்க வேண்டும்.

7. நோட்டா ஜெயிச்சா மறுதேர்தல்தானே?

நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தலில் இல்லை. நோட்டாவுக்கு எவ்வளவு விழுந்தாலும் அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் வென்றவர். 2013 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால் வந்த வசதி இது, எதிர்ப்பைப் பதிய மட்டும்.

8. டி.வி.ல சட்டம் பாஸ்னு போட்டாங்க. நாளையிலருந்து அமலா?

அநேகமாக இல்லை. ஒரு அவையில் நிறைவேறினால் பாதி வழிதான். இரண்டு அவை, பிறகு குடியரசுத் தலைவர் ஒப்புதல், பிறகு அரசிதழ். அதற்குப் பிறகும் ‘மத்திய அரசு அறிவிக்கும் நாளிலிருந்து’ என்று பெரும்பாலும் சட்டத்திலேயே இருக்கும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2023 டிசம்பரில் நிறைவேறியது. அமலானது 2024 ஜூலை 1. மகளிர் இட ஒதுக்கீட்டுக்கான திருத்தம் 2023 செப்டம்பரில் நிறைவேறியபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். வாட்ஸாப்பில் வருவதை விட்டுவிட்டு அரசிதழ் தேதியைப் பாருங்கள்.

9. பஸ்ல போனைப் பிக்பாக்கெட் அடிச்சுட்டாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல ‘லாஸ்ட் ரிப்போர்ட்’ போட்டா போதும்னு சொல்றாங்க. போதுமா?

போதாது. தில்லி போலீஸ் தளத்தில் நாமே போடும் லாஸ்ட் ரிப்போர்ட், பொருள் தொலைந்தது என்ற பதிவு மட்டும். அதை வைத்து யாரும் விசாரிக்கப் போவதில்லை. டூப்ளிகேட் சிம், டூப்ளிகேட் லைசென்ஸ் வாங்க உதவும். திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். வேண்டும். இன்ஷூரன்ஸ்காரரும் அதைத்தான் கேட்பார்.

திருடியவர் யாரென்று தெரியாத திருட்டுக்கும் வண்டித் திருட்டுக்கும் தில்லியில் இ-எஃப்.ஐ.ஆர். வசதி இருக்கிறது, வீட்டிலிருந்தே பதியலாம். எழுதும்போது எந்த பஸ், எந்த ஸ்டாப், எத்தனை மணி, யார் இடித்தார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கான்ஸ்டபிள் சொல்லச் சொல்ல ‘எங்கேயோ விழுந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு திருட்டு என்று மாற்றுவது கஷ்டம். போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கவும் அந்தப் போலீஸ் பதிவின் நகல் தேவைப்படும்.

10. ‘இது எங்க ஏரியா இல்ல’ன்னு விரட்டறாங்க. எஃப்.ஐ.ஆர். போடவே மாட்டேங்கறாங்க. அடுத்து என்ன?

ஏரியா என்பது காரணமே ஆகாது. எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அவர்களே உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. மின்னஞ்சல் போல மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம்.

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் பதிந்தே ஆக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. புதிய சட்டத்தில் ஒரு விலக்கு: மூன்று வருஷம் முதல் ஏழு வருஷத்துக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்துவிட்டு முடிவெடுக்கலாம். மறுத்தால் புகாரை எழுத்தில் டி.சி.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அங்கேயும் அசையாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். டி.சி.பி.க்கு அனுப்பிய ரசீது இல்லாமல் போனால் அங்கே முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

11. பக்கத்து வீட்டுச் சண்டை பத்தி விசாரிக்கணுமாம். அம்மாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்றாங்க, 68 வயசு. போகணுமா?

சாட்சியாக விசாரிப்பதென்றால் போக வேண்டியதில்லை. பெண்கள், 60 வயதுக்கு மேற்பட்டோர், 15 வயதுக்குக் குறைந்தோர், உடல் ஊனமுற்றோர், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் இருக்கும் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். விரும்பினால் போகலாம், அது அவர்கள் இஷ்டம்.

குற்றம் சாட்டப்பட்டவராகக் கூப்பிட்டால் எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸாப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. கைது என்றாலோ காரணம் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விதிவிலக்கான சூழலில் மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றாலொழிய, சூரியன் மறைந்த பிறகு விடியும்வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது.

வீடியோ காலில் சீருடையோடு வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுகிறவன் போலீஸ் இல்லை. அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. ரிட்டயர் ஆன நம்மவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

12. வண்டிக்குச் சாலான் எக்கச்சக்கமா சேந்துடுச்சு. லோக் அதாலத்துல பாதி கட்டினா போதுமாமே?

சாலான் என்னும் அபராதச் சீட்டை லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றம் தீர்த்துவைக்கும்போது பாதி, கால் என்று கணக்கெல்லாம் கிடையாது. எவ்வளவு என்று முடிவு செய்வது அன்றைய அமர்வு. குறைப்பது உண்மைதான், பல சமயம் நன்றாகவே குறைப்பார்கள். ஆனால் சமரசம் செய்யக்கூடிய சாலான்கள் மட்டும்தான். குடித்துவிட்டு ஓட்டியது அங்கே போகாது.

நடைமுறை: லோக் அதாலத்துக்குச் சில நாள் முன்பு போக்குவரத்துப் போலீஸ் தளத்தில் இணைப்பு திறக்கும். நாளொன்றுக்கு இத்தனை சாலான் என்று வரம்பு உண்டு, திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். தீஸ் ஹஜாரி, சாகேத், துவாரகா, ரோஹிணி, கர்கர்டூமா, பட்டியாலா ஹவுஸ், ரவுஸ் அவென்யூ ஏழில் எந்தக் கோர்ட், எத்தனையாவது அறை, எந்த நேரம் என்று அந்த நோட்டீஸிலேயே இருக்கும். பிரின்ட் எடுத்துப் போக வேண்டும். கோர்ட் வாசலில் பிரின்ட் எடுக்கலாம் என்று போனால் வரிசையிலேயே நேரம் போய்விடும். லோக் அதாலத் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. ‘சிக்னலைத் தாண்டவே இல்லை, கேமரா தப்பு’ என்று வாதாட நினைத்தால் அங்கே போகாதீர்கள், வழக்கமான டிராஃபிக் கோர்ட்டில் வாதாடுங்கள்.

13. வக்கீலுக்குக் குடுக்கக் காசில்லை. அரசாங்க வக்கீல்னா சும்மா ஒப்புக்குத்தானே வருவாங்க?

சிலர் அப்படி, சிலர் நன்றாகவே நடத்துகிறார்கள். காசு கொடுத்து வைக்கும் வக்கீலும் அப்படித்தானே. 1987-ஆம் ஆண்டு சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. கணவர் நல்ல சம்பளம் வாங்கினாலும் மனைவிக்கு உரிமை உண்டு என்பது பல பெண்களுக்குத் தெரியாது. 12-ல் சொன்ன கோர்ட் வளாகங்களில் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. போனில் கேட்க, தில்லியில் 1516, நாடு முழுக்க 15100. ஒதுக்கிய வக்கீல் வராமலே இருந்தால் மாற்றித் தரச் சொல்லி அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

14. எனக்கு ஹிந்தி பேச வரும், எழுத வராது. தமிழ்ல மனு குடுக்கலாமா?

குறை சொல்லும் மனு என்றால் கொடுக்கலாம். அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவுப்படி, மத்தியிலோ மாநிலத்திலோ பயன்பாட்டில் உள்ள மொழி எதிலும் குறைதீர்ப்பு மனு கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. மத்திய அமைச்சகத்துக்குத் தமிழில் எழுதியவர்களை எனக்குத் தெரியும். பதில் வந்தது, ஆனால் மொழிபெயர்க்க ஆள் தேடி, நேரம் எடுத்துத்தான் வந்தது. அவசரமென்றால் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் வேறு. ஆங்கிலம், ஹிந்தி, அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்று சட்டம் சொல்கிறது. தில்லியில் தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில், வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் மேலே மத்திய தகவல் ஆணையம். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘என் மனு மீது எந்தெந்தத் தேதியில் யார் என்ன குறிப்பு எழுதினார்கள், அதன் நகல்’ என்று கேளுங்கள். 1-ல் சொன்ன குழப்பத்தில் தப்பான துறைக்குப் போட்டுவிட்டாலும் அவர்களே ஐந்து நாளில் உரிய துறைக்கு மாற்ற வேண்டும்.

கோர்ட்டில் ஹைகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் ஆங்கிலம். கீழ்க்கோர்ட்டில் சாட்சி சொல்லப் போனால் மொழி புரியவில்லை என்று நீதிபதியிடமே சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்வார்கள். போலீஸ் ஹிந்தியில் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

15. சுப்ரீம் கோர்ட் இங்கதானே இருக்கு. நேரா அங்கயே போயிடலாமே?

பஸ் வசதி இருக்கிறது, வழக்கு வசதி இல்லை. அடிப்படை உரிமை பறிபோனால் 32-வது பிரிவில் நேரே போகலாம் என்பது உண்மை. ஆனால் முதலில் ஹைகோர்ட்டுக்குப் போங்கள் என்றுதான் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். 226-வது பிரிவில் ஹைகோர்ட்டுக்கு அதிகாரம் இன்னும் அகலம். சேதாரப்பட்ட வாஷிங் மெஷினுக்கெல்லாம் இரண்டுமே வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம் போதும். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

16. எங்க கேம்ப்பை இடிக்கப் போறாங்களாம். ஜங்புராவுல பண்ணின மாதிரி. கோர்ட் ஆர்டர்னா ஒண்ணுமே செய்ய முடியாதா?

ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரம் இருந்த மதராஸி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியை ஹைகோர்ட் உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். தகுதி உள்ளவர்களுக்கு நரேலாவில் ஃப்ளாட், மற்றவர்களுக்கு இல்லை. தலைமுறைகளாக ஒரே வரிசையில் குடியிருந்தவர்களில் ஒருவருக்குக் கிடைத்து அடுத்தவருக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் காகிதம்.

தில்லியின் 2015 கொள்கைப்படி அந்தக் குடியிருப்பு 2006 ஜனவரி 1-க்கு முன்பும், உங்கள் ஜுக்கி, அதாவது குடிசை, 2015 ஜனவரி 1-க்கு முன்பும் இருந்திருக்க வேண்டும். அதற்கு முக்கியமான சாட்சி ஓட்டுப் பட்டியல்: 2015-க்கு முந்தைய சில வருஷங்களில் ஒன்றிலாவது, அந்த முகவரியில், உங்கள் பெயர். ஊர் ஓட்டை விடமாட்டேன் என்றவர்களிடம் 5-ல் நான் கெஞ்சியது இதற்குத்தான். பழைய பட்டியலின் நகல், ரேஷன் கார்டு, கரன்ட் பில், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வேறு உறவினர் வீட்டில் வையுங்கள்.

இடிப்பதற்கு முன் கணக்கெடுப்பு நடத்தி, தகுதியானவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்று ஹைகோர்ட்டே 2010-ல் சுதாமா சிங் வழக்கிலும் 2019-ல் அஜய் மாக்கன் வழக்கிலும் சொல்லியிருக்கிறது. உங்கள் குடியிருப்பு தில்லி அரசின் குடிசை மேம்பாட்டு வாரியப் பட்டியலில் இருக்கிறதா, நிலம் யாருடையது என்பதை நோட்டீஸ் வருவதற்கு முன்பே ஆர்.டி.ஐ.யில் கேட்டு வைத்துக்கொள்ளலாம். நோட்டீஸ் வந்துவிட்டால் தனித்தனியாக ஓடாமல் எல்லோரும் சேர்ந்து 13-ல் சொன்ன சட்ட உதவிக்குப் போங்கள்.

கணக்கெடுக்க வரும் நாளில் வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். பூட்டியிருந்தால் ‘பூட்டிய வீடு’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வேலைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் அப்படி எழுதியிருக்கிறது என்றால் மறுநாளே ஆவணங்களோடு வாரிய அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தகுதி இல்லை என்று முடிவு வந்தால் அதற்கு மேல்முறையீட்டு அமைப்பும் இருக்கிறது. அங்கே கேட்பது அந்த முத்திரை விழுந்த நகலைத்தான்.